மொழி தெரியாமல் சீன, ஜப்பானிய, மலாய்க் கவிதை படிப்பது: எங்கே தொடங்குவது?

நெய்தல் | சனி, இரவு 9.40

வணக்கம். நான் இலக்கியம் படித்தவள் இல்லை, வங்கியில் வேலை. போன வருடம் ஆசியக் கவிதைகள் என்று ஒரு தடிமனான ஆங்கிலத் தொகுப்பு வாங்கி, ரயிலில் போகும்போதும் வரும்போதும் அதைத்தான் படித்தேன். முடித்ததும் எனக்கு வந்த ஒரே சந்தேகம்: இது எல்லாவற்றையும் எழுதியது ஒரே ஆளா? சீனக்காரர் நிலாவைப் பார்த்து ஊரை நினைக்கிறார். ஜப்பான்காரரும் அப்படியே. பாரசீகக்காரர் கையில் மட்டும் கூடுதலாக ஒரு கிண்ணம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு எது, பதினெட்டாம் நூற்றாண்டு எது என்றே தெரியவில்லை.

தப்பு கவிதையில் இருக்காது, நான் படித்த விதத்தில்தான் இருக்கும். சங்கப் பாட்டுகளை உரையோடு கொஞ்சம் படித்திருக்கிறேன், அங்கே எனக்கு இப்படி ஆகவில்லை. புத்தகப் பட்டியல் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது. நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள் என்று சொல்லுங்கள்.

பாதி_முனைவர் | சனி, இரவு 10.25

பட்டியல் வேண்டாம் என்றதற்கே முதலில் ஒரு நன்றி.

தொகுப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் அதிலேயே கிடங்கள். நான் தொடங்கியது இருபது எழுத்தில். சீனத்தின் தாங் காலக் கவிஞர் வாங் வெய், எட்டாம் நூற்றாண்டு. தலைநகர் சாங்கானுக்குத் தென்கிழக்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் அவருக்குப் பண்ணை இருந்தது. அங்கே இருந்த இருபது இடங்களுக்கு இருபது குட்டிக் கவிதை எழுதினார். அதில் ஒன்றின் தலைப்பு 'மான் வேலி'. நான்கு வரி, வரிக்கு ஐந்து எழுத்து. எழுத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வீதம் வைத்தால் இப்படி வரும்:

காலி / மலை / இல்லை / காண் / ஆள்
மட்டும் / கேள் / ஆள் / பேச்சு / ஒலி
திரும்பு / வெளிச்சம் / நுழை / ஆழ் / காடு
மறுபடி / ஒளிர் / பச்சை / பாசி / மேல்

யார் பார்க்கவில்லை? எழுவாயே கிடையாது. காலமும் இல்லை, எல்லாம் நம் வினைத்தொகை மாதிரி நிற்கிறது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு 'நான்' வந்து உட்கார்ந்துகொள்ளும். மலைமேல் ஒருவர் நின்று 'நான் யாரையும் பார்க்கவில்லை' என்று சாட்சி சொல்வது போல ஆகிவிடும். நீங்கள் படித்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'ஆளைக் காணோம்.' முடிந்தது. இலக்கணப்படி பார்த்தால் காணோம் என்பது தன்மைப் பன்மை. ஆனால் 'சாவியைக் காணோம்' என்று ஒருவர் சொன்னால், எந்த 'நாம்' என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வரி, 'பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.' யாருக்குக் கேட்கிறது? சொல்லத் தேவையில்லை. சீனம் எனக்கு அகராதி வைத்துத் தடவும் அளவுக்குத்தான் தெரியும். இருந்தாலும் இந்த இரண்டு வரிக்குள் போக ஆங்கிலத்தைவிடத் தமிழ் நல்ல வாசல்.

நெய்தல் | சனி, இரவு 10.51

'காணோம்' என்று படித்ததும் உண்மையிலேயே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டேன். சரி, ஒரு சின்னக் கேள்வி. தலைப்பு மான் வேலி. மான் எங்கே?

பாதி_முனைவர் | சனி, இரவு 11.08

காணோம்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. வாங் வெய்யின் நண்பர் பெய் தி அதே இருபது இடங்களுக்கும் பதில் கவிதை எழுதினார், இரண்டும் சேர்த்து நாற்பது. 'மான் வேலி'க்கு அவர் எழுதியதில், சாயங்காலம் குளிர்ந்த மலையைப் பார்த்துத் தனியாகப் போகிறார், ஆழ்காட்டின் சேதி எதுவும் தெரியவில்லை, கடைசி வரியில் மான் தடம் மட்டும் இருக்கிறது. வாங் வெய்யிடம் குரல் உண்டு, ஆள் இல்லை. பெய் தியிடம் தடம் உண்டு, மான் இல்லை. தொகுப்புகளில் பெரும்பாலும் வாங் வெய்யை மட்டும் போட்டுவிட்டுப் பெய் தியை விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டதில் ஒருவர் பேச்சை மட்டும் கேட்கிறோம்.

மின்னல்வரி | ஞாயிறு, காலை 7.15

நல்ல இழை. என் ஓட்டு ஹைக்கூவுக்கு. மொழியே தேவையில்லை: மூன்று வரி, 5-7-5 அசை, கடைசி வரியில் ஒரு திருப்பம். நானே முந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறேன்.

ஒசாகா_ஓரம் | ஞாயிறு, காலை 8.30

மின்னல்வரி, கோபிக்காதீர்கள். நீங்கள் எழுதுவது தமிழ் ஹைக்கூ, அதற்குத் தனி வரலாறு இருக்கிறது. பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிவிட்டார். ஆனால் ஜப்பானியக் கணக்கு அசை இல்லை. மாத்திரை.

எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன், இது புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது. 'தோக்யோ' என்று நாம் இரண்டு அசையாகச் சொல்லும் ஊர், இவர்கள் விரல் மடக்கினால் தோ-ஒ-க்யோ-ஒ, நான்கு. 'நிப்பொன்' நி-ப்-பொ-ன், அதுவும் நான்கு. நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று. இது நமக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததுதானே? ஒரே வித்தியாசம், நம் ஊரில் மெய்க்கு அரை மாத்திரை, இங்கே அந்த 'ப்'புக்கும் 'ன்'னுக்கும் முழுசாக ஒன்று. வகுப்பில் கூடப் படித்த அமெரிக்கப் பையனுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. எனக்கு யாப்பிலக்கணம் கைகொடுத்தது, அதுவும் பத்தாம் வகுப்போடு.

திருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் தவளை, 1686:

ஃபுருயிகே யா
கவாஸு தொபிகொமு
மிஸு நோ ஒதோ

பழைய குளம், தவளை குதிக்கும், தண்ணீர்ச் சத்தம். கடைசி வரியில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. புதுமை நடுவரியில் இருக்கிறது, அது மரபு தெரிந்தால்தான் தெரியும். 905 வாக்கில் தொகுத்த கோகின்ஷூ என்ற ஜப்பானியக் கவிதைத் தொகையின் முன்னுரையிலேயே, மலரில் பாடும் குருவியும் நீரில் வாழும் தவளையும் எழுப்பும் குரலைக் கேட்டால் பாடாத உயிர் உண்டா என்று வரும். அதிலிருந்து எழுநூறு எண்ணூறு வருடம் கவிதையில் தவளை என்றால் குரல். கூடவே யமாபுகி என்ற மஞ்சள் பூவும் வரும். நம் ஊரில் குறிஞ்சி என்றால் யாமம் வருகிற மாதிரி. பாஷோவின் மாணவர் ஒருவர் முதல் வரிக்கு யமாபுகியைத்தான் சொன்னாராம். பாஷோ பூவையும் எடுத்துவிட்டார், தவளையின் வாயையும் மூடிவிட்டார். அது பாடவில்லை, குதிக்கிறது. சத்தம் தண்ணீருடையது.

அப்புறம், எத்தனை தவளை? ஜப்பானிய மூலத்தில் தெரியாது. ஆங்கிலத்தில் ஒன்றா பலவா என்று முடிவு கட்டியாக வேண்டும். தமிழில் 'தவளை குதிக்கும்' என்று எழுதினால் அப்படியே நிற்கும். பால்பகா அஃறிணை!

மின்னல்வரி | ஞாயிறு, காலை 8.52

முந்நூறையும் மாத்திரை போட்டுப் பார்க்க வேண்டும் போல. ஞாயிற்றுக்கிழமை போச்சு. 😀

நெய்தல் | ஞாயிறு, காலை 9.20

பருவச் சொல் என்கிறார்களே, அது இந்தத் தவளைதானா?

ஒசாகா_ஓரம் | ஞாயிறு, காலை 9.47

ஆமாம், கவாஸு என்றால் வசந்தம். கவிஞர் 'வசந்தம்' என்று எழுத வேண்டியதில்லை. எந்தச் சொல் எந்தப் பருவம் என்பதற்கே 'சாய்ஜிகி' என்று அகராதி உண்டு. இங்கே புத்தகக் கடையில் சட்டைப்பையில் போகும் அளவில் விற்கும், ஹைக்கூ எழுதுகிற தாத்தா பாட்டிகள் கையில் பார்க்கலாம். நீங்கள் சங்கப் பாட்டைப் படிக்கும்போது தொலைந்து போகாததற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல், கரு, உரி என்ற சாவிக்கொத்து உங்கள் கையில் இருந்தது. இங்கே சாவி இல்லாமல் கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

பினாங்குக்காரன் | ஞாயிறு, மதியம் 1.10

நான் பினாங்கு. படித்தது மலாய்ப் பள்ளி, வீட்டில் தமிழ். பெரிய கவிஞர்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, எங்களுக்கு வாயில் வருவது பந்துன். கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் மாறி மாறிச் சொல்வார்கள். ஆசிரியர் பெயர் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்று:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபிஜி டி அத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

பொன்வாழையைக் கப்பலில் கொண்டுபோக, பெட்டிமேல் ஒன்று பழுத்தது. பொன்கடனை அடைத்துவிடலாம், நன்றிக்கடன் சாவுவரை கூட வரும். (பீசாங் எமாஸ் என்றால் இங்கே சின்னதாக, மஞ்சளாக, ரொம்ப இனிப்பாக ஒரு பழம். சந்தையில் சீப்பாகத் தொங்கும்.)

முதல் இரண்டு வரிக்குப் 'பெம்பாயாங்' என்று பெயர், பாயாங் என்றால் நிழல். விஷயம் கடைசி இரண்டில். முதல் வரியும் மூன்றாவதும், இரண்டாவதும் நான்காவதும் ஓசை ஒத்து முடியும். அந்த 'பெத்தி' நம்ம பெட்டிதான், தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொல். கப்பலும் 'காப்பால்' என்று போயிருக்கிறது. பழம் ஏற்றியவர் யாரென்று நான் சொல்லவில்லை. 😀

குறள்நேசன் | ஞாயிறு, மதியம் 1.32

எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை
செய்ந்நன்றி கொன்ற மகற்கு.

நம் வள்ளுவர் அப்போதே சொல்லிவிட்டார். மலாய்க்காரர்களின் இந்தப் பாட்டும் இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும்.

நெய்தல் | ஞாயிறு, மதியம் 2.05

ஐயா, எனக்கு வந்த நோயே இதுதான் என்று இப்போது புரிகிறது. நானும் தொகுப்பு முழுக்க இதையே செய்தேன். 'ஓ, பிரிவு', 'ஓ, நிலையாமை' என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த பக்கம். கருத்தை மட்டும் உருவி எடுத்தால் எல்லாம் ஒன்றுதான். நன்றி மறக்கக் கூடாது என்று உலகத்தில் எந்த ஊரில்தான் சொல்லவில்லை? பந்துனில் வாழைப்பழம் இருக்கிறது. குறளில் அது இல்லை. எனக்கு இப்போது வாழைப்பழம்தான் வேண்டும்.

குறள்நேசன் | ஞாயிறு, மதியம் 2.20

ஒப்பிடுவதே தப்பு என்கிறீர்களா? ஒப்பிலக்கியம் என்று பல்கலைக்கழகங்களில் துறையே நடக்கிறது அம்மா.

பாதி_முனைவர் | ஞாயிறு, மாலை 4.40

அந்தத் துறையில் பாதியில் இறங்கியவன் என்ற முறையில் நான் கொஞ்சம் பேசலாம்.

ஒப்பிடலாம் ஐயா, ஆனால் சொன்னதை அல்ல, சொன்ன விதத்தை. பினாங்கு அண்ணன் போட்டதில் முதல் வரியில் 'டிபாவா' என்று ஒரு சொல், கொண்டுபோகப்படுவது. கடைசி வரியிலும் அதே 'டிபாவா'. அங்கே பழம் கப்பலில் போகிறது, இங்கே கடன் சாவுக்குள் போகிறது. வழியில் பழம் பழுக்கிறது. கடனும் அப்படித்தானா? பாட்டு சொல்லாது. வெறும் எதுகைக்காக வைத்த வரி என்று தோன்றும், ஆனால் நிழல் விழுந்துவிட்டது.

இதே சண்டை சீனத்தில் இரண்டாயிரம் வருடமாக நடக்கிறது. 'ஷிஜிங்' என்ற பழைய தொகை, 305 பாட்டு. முதல் பாட்டு ஆற்றுத் திட்டில் 'குவான் குவான்' என்று கத்தும் பறவையோடு தொடங்கும். அடுத்தது நல்ல பெண், அவளைத் தேடும் இளைஞன். பறவைக்கும் பெண்ணுக்கும் என்ன தொடர்பு? இந்த உத்திக்கு 'ஷிங்' என்று பெயர். அது உவமையா, வெறும் தாளத் தொடக்கமா என்று உரைகாரர்கள் இன்னும் ஓயவில்லை. இப்படிச் சொல்லாமல் உணர்த்துவதற்கு நம் இலக்கணத்தில் உள்ளுறை, இறைச்சி என்று இரண்டு சொல் இருக்கிறது, அதிலும் எது எது என்று தொல்காப்பிய உரைகாரர்கள் இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே கருத்தில் இல்லை. முதலில் இயற்கை, பிறகு மனிதர், நடுவில் சொல்லாமல் விட்ட ஒரு இடைவெளி. அந்த இடைவெளியை யார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் ஆசியா முழுக்க ஒரு கயிறு கட்டிவிடலாம்.

ஆம்பூர்க்காரி | ஞாயிறு, மாலை 6.15

உங்கள் கயிறு எங்கள் வீட்டு வாசலில் அறுந்துவிடும் அண்ணா.

எங்கள் வீட்டில் உருது, தெருவில் தமிழ். கஸலில் ரோஜாவும் புல்புலும் வராத பக்கம் இல்லை. ஆனால் அது இயற்கையா? டெல்லியில் உட்கார்ந்து காலிப் எழுதிய தோட்டம் அவர் வீட்டுக் கொல்லை இல்லை, பாரசீகக் கவிதையிலிருந்து வந்த தோட்டம். அங்கே புல்புல் ஒரு பறவையே இல்லை, ஒரு வேலை. அழுவது அதன் வேலை. மரத்தைப் பார்த்து எழுதினாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆசியா என்பது வரைபடம் போட்டவர்கள் வைத்த பெயர், கவிதை அதைப் பார்த்து நடக்கவில்லை.

கஸலுக்குள் போக வழி காதுதான். சின்ன வயதில் அப்பா முஷாயிராவுக்கு, அதாவது கவிஞர்கள் சபையில் கவிதை சொல்லும் கூட்டத்துக்கு, கூட்டிப்போவார். கவிஞர் முதல் வரியைச் சொல்வார். உடனே இரண்டாவதுக்குப் போகமாட்டார். அதே வரியை மறுபடி சொல்வார். சபை 'வாஹ்' என்று சும்மா ஒரு முன்பணம் கட்டும். காலிப்பின் மத்லாவைப் பாருங்கள், மத்லா என்றால் தொடக்க இரண்டடி:

ஹஸாரோன் க்வாஹிஷேன் ஐஸி கே ஹர் க்வாஹிஷ் பே தம் நிக்லே
பஹுத் நிக்லே மேரே அர்மான் லேகின் ஃபிர் பீ கம் நிக்லே

ஆயிரம் ஆசை, ஒவ்வொன்றும் உயிர் போகிற மாதிரி. நிறையத் தீர்ந்தன, ஆனாலும் தீர்ந்தது குறைவுதான். 'நிக்லே' என்பது ரதீஃப், இனி ஒவ்வொரு இரண்டடியும் அதில்தான் முடியும். அதற்கு முந்திய 'தம்', 'கம்' காஃபியா, அந்த ஓசை மாறாது, சொல் மாறும். இந்தச் சட்டம் முதல் இரண்டடியிலேயே சபைக்குத் தெரிந்துவிடும். பிறகு நடப்பது ஒரு விளையாட்டு. பின்னால் ஒரு ஷேர், அதாவது இரண்டடி:

நிகல்னா குல்த் சே ஆதம் கா சுன்தே ஆயே ஹைன் லேகின்
பஹுத் பேஆப்ரூ ஹோகர் தேரே கூச்சே சே ஹம் நிக்லே

சொர்க்கத்திலிருந்து ஆதம் வெளியேறிய கதையைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறோம், ஆனால்... இங்கே நிறுத்துவார். 'நிக்லே' வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும், யார் வெளியேறப் போகிறார் என்று தெரியாது. 'ரொம்ப மானம் கெட்டு உன் தெருவிலிருந்து...' அந்த 'ஹம்', நாம், வாயிலிருந்து வருவதற்குள் பின்வரிசைக் கிழவர்கள் சேர்ந்து முடித்துவிடுவார்கள். 'முகர்ரர்!' என்று ஒருவர் கத்துவார், திரும்பச் சொல் என்று அர்த்தம். மேலே நிக்லே உயிர் போனது, பிறகு ஆசை தீர்ந்தது, இப்போது ஒரு ஆள் தெருவை விட்டுப் போகிறான். ஒரே சொல்தான். அச்சுப் பக்கத்தில் படித்தால் இது வெறும் பொன்மொழி. உங்கள் தொகுப்பில் அப்படித்தான் கிடந்திருக்கும்.

இன்னொன்று, ஹாஃபிஸ் சொன்னதாக ஆங்கிலத்தில் சுற்றும் இனிப்பான வரிகளில் பல அவருடைய திவானிலேயே, கவிதைத் தொகுப்பிலேயே, கிடையாது. பகிர்வதற்கு முன்னால் பாரசீக மூலம் எங்கே என்று கேளுங்கள்.

பாதி_முனைவர் | ஞாயிறு, இரவு 7.02

கயிறு அறுந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆசியா முழுக்க என்று சொன்னது வாய்க்கொழுப்பு.

அப்படியானால் கவிதை உண்மையில் நடந்து போன பாதையைப் பிடிக்கலாம். தாங் கவிதை ஜப்பான், கொரியா, வியட்நாம் என்று எழுத்தோடு போனது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் தொகுத்த 'வகான் ரோஎய்ஷூ'வில் சீன ஈரடிகளும் வாகா என்ற ஜப்பானியக் குறுங்கவிதைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பாடுவதற்காக. அதில் சீனக் கவிஞர்களில் அதிகம் எடுத்தது பாய் ஜுயியை.

நமக்குப் பக்கத்தில் ஒரு பாதை வேண்டுமென்றால் ஹாலன் தொகுத்ததாகச் சொல்லும் 'காதா சப்தசதி'. பிராகிருதம், எழுநூறு சொச்சம் பாட்டு, கோதாவரிக் கரை. அகப்பாட்டு மாதிரியே பேசுபவருக்குப் பெயர் கிடையாது. ஒரு பெண் சொல்கிறாள்: சாமி, பயமில்லாமல் உலாத்துங்கள். உங்களைத் துரத்தும் அந்த நாயை, கோதாவரிக் கரைப் புதரில் இருக்கும் சிங்கம் இன்றைக்கு அடித்துப் போட்டுவிட்டது. பூப்பறிக்க வந்த சாமி இனி அந்தப் பக்கம் தலைகூட வைக்கமாட்டார். அவளுக்கு வேண்டியதும் அதுதான், அந்தப் புதர் அவளும் அவனும் சந்திக்கும் இடம். 'போ' என்று சொல்லிப் 'போகாதே' என்று கேட்க வைக்கிறாள். ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர் தொனி, அதாவது சொல்லாமல் உணர்த்துவது, என்றால் என்ன என்று காட்ட எடுத்த முதல் உதாரணங்களில் ஒன்று இது. நம் தோழிகள் தலைவன் காதில் விழும்படி பேசுவார்களே, அவர்களுக்கு இவள் தங்கச்சி முறை.

வானவில்77 | ஞாயிறு, இரவு 8.11

கொரியாவை விட்டுவிட்டீர்களே! அம்மா, அப்பா எல்லாம் அங்கேயும் அம்மா, அப்பாதான். தமிழ் இளவரசி கப்பலில் போய் ராணியானாராம். கவிதையும் நம்முடையதுதான்.

ஒசாகா_ஓரம் | ஞாயிறு, இரவு 8.40

வானவில், அந்தப் பார்வர்டு எங்கள் குடும்பக் குழுவில் மாதம் ஒருமுறை வருகிறது. அதை விடுங்கள், கொரியக் கவிதை ஒன்றைப் போடுகிறேன். பதினாறாம் நூற்றாண்டு, ஹ்வாங் ஜினி, கிசெங் என்று சொல்லும் ஆடல்பாடல் மகளிரில் ஒருவர். சிஜோ வடிவம், மூன்றே வரி:

மார்கழி மாதத்து நீண்ட இரவின் இடுப்பை வெட்டி எடுத்து
வசந்தக்காற்றுப் போர்வைக்கடியில் சுருள் சுருளாய் வைத்திருந்து
அவர் வரும் இரவில் மடிப்பு மடிப்பாய்ப் பிரிப்பேன்

மூலத்தில் பதினொன்றாம் மாதம் என்றுதான் இருக்கிறது, ஆண்டின் மிக நீண்ட இரவு வருகிற மாதம். மார்கழி என்னுடைய கைச்சரக்கு. 'சுருள் சுருளாய்' இருக்கும் இடத்தில் 'சொரிசொரி', 'மடிப்பு மடிப்பாய்' இடத்தில் 'குபிகுபி'. இரண்டாவது வரியில் ஒன்று, மூன்றாவதில் ஒன்று. உள்ளே வைப்பதற்கு ஒரு ஓசை, பிரிப்பதற்கு ஒரு ஓசை. நம் இரட்டைக்கிளவி மாதிரி காதில் விழும், அதற்காக நம்முடையது என்று தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இரவைத் துணி மாதிரி வெட்டியது அவர்தான்.

வானவில்77 | ஞாயிறு, இரவு 8.44

ஓகே ஓகே. பாட்டு சூப்பர்.

சிராங்கூன்_04 | திங்கள், மதியம் 12.50

நேற்று முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தேன். இன்று அலுவலகத்தில் ஒரு சோதனை செய்தேன், சாப்பாட்டு நேரத்தில்.

தாங் கவிஞர் து ஃபூவின் 'வசந்தப் பார்வை'. 755இல் ஆன் லூஷான் என்ற தளபதியின் கிளர்ச்சி, அடுத்த வருடம் தலைநகர் விழுந்தது, து ஃபூ உள்ளே மாட்டிக்கொண்டார். 757இல் எழுதியது. எட்டு வரி, வரிக்கு ஐந்து எழுத்து. முதல் வரி: நாடு உடைந்தது, மலையும் ஆறும் இருக்கின்றன. எனக்குப் பிடித்த வரி மூன்றாவது: உணர் / காலம் / பூ / தெறி / கண்ணீர். அழுவது யார்? காலத்தை நினைத்துப் பூமேல் நான் கண்ணீர் விடுகிறேனா, பூவே அழுகிறதா? இரண்டும் சரிதான் என்கிறார்கள். அடுத்த வரியிலும் அதே வரிசை: வருந்து / பிரிவு / பறவை / திடுக்கிடு / நெஞ்சு. பூவுக்கு நேர்கீழே பறவை, கண்ணீருக்கு நேர்கீழே நெஞ்சு. எட்டு வரிக் கவிதையில் நடுவில் இருக்கும் நான்கு வரியும் இப்படி ஜோடி சேர வேண்டும் என்பது விதி.

சோதனைக்கு வருகிறேன். எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா, வீட்டில் கண்டனீஸ். பள்ளியில் இதை மாண்டரினில் மனப்பாடம் செய்தவர். இரட்டைப்படை வரிகளின் கடைசி எழுத்து மட்டும் சொல்லச் சொன்னேன். மாண்டரினில் ஷென், சின், ஜின், த்ஸான். கடைசியில் இடறுகிறது. கண்டனீஸில் சம், சம், கம், சாம். நாலும் உதடு மூடி முடிகிறது. ஆழம், நெஞ்சு, பொன், கொண்டை ஊசி. அக்காவே சிரித்துவிட்டார், 'இத்தனை வருஷம் இதைத் தப்பாப் பாடியிருக்கேனா' என்று. தப்பில்லை. தாங் காலத்து 'ம்' வடக்கே 'ன்' ஆகிவிட்டது, தெற்கே நின்றுவிட்டது. வியட்நாமில் இதே எழுத்துகளைத் தாம், தாம், கிம், ச்சாம் என்கிறார்கள். முதல் வரியின் முதல் எழுத்தும் அப்படித்தான். மாண்டரினில் குவோ, கண்டனீஸில் குவொக். நாடு உடைந்தது என்று சொல்லும்போது அந்த 'க்' தொண்டையில் வந்து அடைப்பதைக் கேட்க வேண்டும்.

கொண்டை ஊசி ஏன் என்றால், கடைசி இரண்டு வரியில் நரைத்த முடியைச் சொறிந்து சொறிந்து குட்டையாகி, ஊசிகூட நிற்காது போலிருக்கிறது என்கிறார். நாட்டில் தொடங்கித் தன் தலைமுடியில் முடிக்கிறார். அப்போது அவருக்கு 45 வயதுதான்.

நெய்தல் | திங்கள், இரவு 9.05

இந்த இழையைத் தொடங்கியதற்கு என் முதுகை நானே தட்டிக்கொள்கிறேன்.

பினாங்குக்காரன் | திங்கள், இரவு 9.30

சிராங்கூன் வியட்நாமைத் தொட்டதால் ஒரு விஷயம். கூட வேலை பார்க்கும் வியட்நாம் பையன் மேசையில் 'கியெவ்' என்ற நெடுங்கவிதையை வைத்திருக்கிறான். நுயென் து எழுதியது, 3254 வரி, ஆறு அசை எட்டு அசை என்று மாறி மாறி ஓடும் லுக் பாட். ஆறின் கடைசி ஓசை எட்டின் ஆறாவது அசையில் ஒட்டும், எட்டின் கடைசி அடுத்த ஆறில் ஒட்டும், அப்படியே சங்கிலி. அவன் படிப்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். வேலை மாறலாமா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் திறப்பான். வரும் வரிதான் பதில்.

ஆம்பூர்க்காரி | திங்கள், இரவு 9.41

ஈரானில் ஹாஃபிஸை வைத்து இதையேதான் செய்கிறார்கள், ஃபால் என்று பெயர். யல்தா என்ற நீண்ட இரவில் வீட்டோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்.

குறள்நேசன் | திங்கள், இரவு 9.58

இப்போது நான் ஒப்பிடலாமா? திருமுறையில் கயிறு சாத்திப் பார்ப்பது என்று உண்டு. ஏட்டுக்கட்டில் கயிற்றை நுழைத்து, அது விழுந்த ஏட்டில் வரும் பதிகமே விடை. என் பாட்டனார் என் அத்தை கல்யாணத்துக்குப் பார்த்தார். இங்கிருந்து போனது, அங்கிருந்து வந்தது என்று எதுவும் சொல்லவில்லை. கயிற்றை மட்டும் சொன்னேன்.

நெய்தல் | திங்கள், இரவு 10.02

ஐயா, இது பழத்தோடு வந்த ஒப்பீடு. பதில் என்ன வந்தது? கல்யாணம் நடந்ததா?

குறள்நேசன் | திங்கள், இரவு 10.06

நடந்தது. ஆனால் வேறு மாப்பிள்ளை.

நெய்தல் | செவ்வாய், காலை 8.20

ரயிலில் எழுதினேன். கேலி செய்யக் கூடாது.

காலி மலை. ஆளைக் காணோம்.
பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது.
திரும்பி வந்த வெயில் காட்டுக்குள் நுழைந்து
மறுபடியும் பாசிமேல் படுகிறது.

'காலி' சரியா? கொஞ்சம் வாடகை வீட்டு விளம்பரம் மாதிரி இருக்கிறது. 'வெறும் மலை' என்றால் மொட்டையாகிவிடுகிறது. 'ஆளில்லா மலை' என்றால் அடுத்ததைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆம்பூர்க்காரி | செவ்வாய், காலை 8.33

காலி எங்கள் வழியாக வந்த சொல், அரபிலிருந்து. வாடகைக்கு விட்டாலும் பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகா_ஓரம் | செவ்வாய், காலை 8.50

'படுகிறது' வேண்டாம், 'படும்' என்று போட்டுப் பாருங்கள். இன்றைக்கு மட்டும் நடந்தது போல இருக்கக் கூடாது.

பாதி_முனைவர் | செவ்வாய், காலை 9.14

எல்லாம் சரி. பச்சையைக் காணோம்.

நெய்தல் | செவ்வாய், காலை 9.16

பாசி என்றாலே பச்சைதானே என்று விட்டேன். அவர் இருபது எழுத்தில் ஒன்றை அதற்குச் செலவழித்திருக்கிறார் என்றால்... சரி, சாயங்கால ரயிலில் பார்க்கிறேன். அந்தப் பெய் தியின் இருபது எழுத்தையும் சொல்லுக்குச் சொல் போட்டு வையுங்கள்.